அந்த ஃப்ளெக்ஸ் மாமாதான் வேணும்

எந்த நோய்க்கும் ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. பல்வலிக்கு மட்டும் ஆளுக்கு ஒன்பது வைத்தியம். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள். பல்வலி என்று கன்னத்தில் கை வைத்தால் போதும், பஸ் கண்டக்டர்கூட டிக்கெட் கிழித்தபடியே ஒரு மூலிகை சொல்வார். சொல்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்து பார்க்கிறவன் ஊருக்கு ஒருவன்தான் இருப்பான். கந்தர்வக்கோட்டையில் அந்த ஒருவன் நான்.

நான் இயற்கை வைத்தியத்துக்கு மாறியது கொள்கைப் பிடிப்பால் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை வேறு. ஒருமுறை நண்பனுக்குத் துணையாகப் பல் டாக்டரிடம் போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு மெஷின் சத்தம் வந்தது. நான் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போர்வெல் போடுவதைப் பார்த்தவன். அதே சத்தம் ஒரு மனிதனின் வாய்க்குள்ளிருந்து வந்ததும், நண்பனை அங்கேயே விட்டுவிட்டு டீக்கடைக்கு வந்துவிட்டேன். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் முழு இயற்கைவாதி ஆகிவிட்டேன்.

அதற்குப் பிறகு என் தொல்லை தாங்காது. உமிக்கரியில் பல் துலக்கினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பற்பசைக்கு எதிராகத் தினமும் காலையில் ஒரு பதிவு போட்டேன். இலுப்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா செல்வி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குளியலறையில் இருக்கும் பேஸ்ட் டியூபைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வேப்பங்குச்சி ஒடித்து வைத்துவிட்டு வருவேன். (நான் பஸ் ஏறியதும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்த இன்னொரு டியூபை அக்கா எடுத்து வைப்பாள் என்பது பின்னாளில்தான் தெரிந்தது.)

இந்த நிலையில்தான் அக்கா மகன் கவினுக்கு முடி இறக்கிக் காது குத்துவது என்று முடிவானது. கவினுக்கு அப்போது மூன்று வயது. கணேசன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் விழாவை முடித்தாக வேண்டும் என்பதால் தேதியை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்த வழியில்லை. காதுகுத்தில் எல்லாவற்றுக்கும் மாற்று ஆள் உண்டு. சமையல்காரர் வராவிட்டால் வேறு சமையல்காரர், மேளக்காரர் வராவிட்டால் ஸ்பீக்கர். தாய்மாமன் மடிக்கு மட்டும் மாற்று கிடையாது. பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தினால்தான் அது காதுகுத்து. இல்லாவிட்டால் அது வெறுமனே காதில் ஓட்டை போடுவது.

மச்சான் வீட்டில் ஆட்கள் அதிகம். பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று நின்றாலே ஒரு பந்தி நிறைந்துவிடும். எங்கள் பக்கம் அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான். அக்காவுக்கு அந்தக் குறை உள்ளுக்குள் உண்டு. "ஒத்தத் தம்பி, அவன் வந்து என்னத்தச் செஞ்சு கிழிக்கப் போறான்" என்று யாரோ எப்போதோ சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்தாள்.

"தம்பி, நீ தட்டு எத்தனை கொண்டு வாரங்கிறது எனக்கு முக்கியமில்ல. சபையில நீ வந்து கம்பீரமா உக்காரு. அது போதும்டா எனக்கு."

கம்பீரத்துக்கு ஏற்பாடெல்லாம் மச்சான் ஏற்கெனவே செய்திருந்தார். இலுப்பூரில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ஆள் உயரத்துக்கும் மேலே நான். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், அத்தனை பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. எனக்குப் பின்னால் ஒரு புலி. (புலி எதற்கு என்று கேட்டேன். கடைக்காரர் இலவசமாகப் போட்டதாம்.) கீழே கொட்டை எழுத்தில் "அன்புடன் வரவேற்கும் தாய்மாமன் பாலமுருகன்". அந்த ஃப்ளெக்ஸ் ஒரு வாரம் அக்கா வீட்டுக் கூடத்தில் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. கவினுக்கு அதன்மேல் உயிர். தினமும் காலையில் அதற்கு வணக்கம் வைத்துவிட்டு, நாற்காலியில் ஏறித் தன் பிஸ்கட்டில் பாதியை அதன் வாயில் ஊட்டுகிறான் என்று அக்கா வீடியோ அனுப்பியிருந்தாள். நானும் பெருமையாக அதை நாலு பேருக்குக் காட்டினேன். நான் என்றால் மருமகனுக்கு அவ்வளவு பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா சீர்த் தட்டுக்கென்று பொருள்விளங்கா உருண்டை பிடித்து வைத்துவிட்டு, அக்காவுக்கு ஒத்தாசையாக முன்னாலேயே இலுப்பூருக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது அந்த டப்பாவைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தொடவில்லை, கடித்தேன். அந்த உருண்டைக்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இடது பக்கக் கீழ்க் கடைவாயில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்ட நொடியில் எனக்குப் பொருள் விளங்கிவிட்டது. ஏற்கெனவே சொத்தையாக இருந்து, உமிக்கரியால் நான் தினமும் தேய்த்துத் தேய்த்து வளர்த்த பல் அது.

இந்த இடத்தில் ரெங்கராஜ் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். பிரேக் ஷூ கேட்டுப் போனால் பிரேக் ஷூவும் கூடவே ஒரு கஷாயமும் சொல்லி அனுப்புவார். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் இயற்கை வைத்திய வீடியோ பார்ப்பதுதான் அவர் வேலை. பார்த்ததைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஒரு உடம்பு தேவைப்பட்டது. என்னிடம் ஒன்று இருந்தது.

"ஒடம்புதாம்ப்பா டாக்டரு. நாம குறுக்க நிக்காம வழி விட்டாப் போதும்," என்றார் அண்ணன். "என்னையப் பாரு, இத்தன வருசத்துல பல்லுவலின்னு ஒரு நாள் படுத்ததில்ல."

வாயைத் திறந்து காட்டினார். வெள்ளை வெளேரென்று ஒரே வரிசையாக, ஒன்றுக்கொன்று சண்டையில்லாமல் பற்கள். அந்தப் பல்லைப் பார்த்த பிறகு எனக்கு வேறு டாக்டர் தேவைப்படவில்லை.

முதல் மருந்து கிராம்பு. வலிக்கிற பல்லில் வைத்து மெல்லக் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். உண்மையிலேயே வலி குறைந்தது. உடனே குடும்பக் குழுவில் "அஞ்சறைப் பெட்டிக்குள் ஓர் ஆஸ்பத்திரி" என்று தலைப்புப் போட்டு நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். அதற்கு மச்சான் அனுப்பிய கைகூப்பும் பொம்மை வந்து சேர்வதற்குள் வலி திரும்ப வந்துவிட்டது.

அடுத்தது கொய்யா இலை. முந்திரித் தோப்புக்குக் குழாய் அளவெடுக்கப் போன இடத்தில் தோட்டக்காரர் சொன்னது. பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் கைக்கெட்டுகிற உயரம்வரை இலையே இல்லாமல் செய்துவிட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் ஆடு புகுந்துவிட்டதாக நினைத்து வேலியைப் பலப்படுத்தினார்கள். அதன்பிறகு நல்லெண்ணெய் கொப்பளிப்பு. ஒரு வாய் எண்ணெயோடு நிற்கும்போது மேனேஜர் போன் செய்தார். எடுக்காமல் இருக்க முடியாது, எடுத்தால் பேச முடியாது. "இந்த மாச டார்கெட் முடிஞ்சிருமா?" என்று கேட்டார். "ம்ம்" என்றேன். "என்னய்யா, ஒரு உற்சாகமே இல்ல" என்றார். உற்சாகமாகப் பதில் சொல்வதற்காக அத்தனை எண்ணெயையும் விழுங்கினேன். அன்று நான் போன இடங்களை எல்லாம் இங்கே விவரிக்க விரும்பவில்லை.

பிறகு பூண்டு. பச்சைப் பூண்டை நசுக்கி ஈறில் அப்பிக்கொண்டு முடிந்தவரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார் அண்ணன். நான் ரோஷக்காரன், முடியாத பிறகும் பொறுத்துக்கொண்டேன். கன்னத்தின் உள்பக்கம் வெந்து தோல் உரிந்தது. பல் என்னவோ அப்படியேதான் இருந்தது. புதுக்கோட்டையில் எங்கள் டீலர் என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து, கடையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டு ஆர்டர் சொன்னார்.

இவ்வளவுக்கும் அசையாத பல்லைப் பார்த்து அண்ணனே கொஞ்சம் கவலைப்பட்டார். அப்புறம் முகம் தெளிந்து, "இது பூச்சிப்பா" என்றார். சொத்தைப் பல்லுக்குள் பூச்சி இருக்கும், அதைப் புகை போட்டு இறக்க வேண்டும். கடைக்குப் பின்னால் என்னை ஒரு டயர்மேல் உட்கார வைத்தார். இரும்புத் தகட்டைச் சுட வைத்து, அதில் எண்ணெயில் புரட்டிய கண்டங்கத்திரி விதையைப் போட்டார். புகை குப்பென்று எழுந்தது. அதை வாய்க்குள் விட ஒரு புனல் வேண்டுமே. வண்டிக்கு ஆயில் ஊற்றுகிற புனல் இருந்தது. அதைக் கவிழ்த்துக் குழாய்ப் பக்கத்தை என் வாயில் சொருகினார். (கழுவினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, தெரிந்து என்ன ஆகப்போகிறது.) என் மூக்கு, காது, கண் என்று எல்லா வழியிலும் புகை வந்ததாக ஞாபகம். பிரேக் ஒயர் வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, சைலென்சர்தான் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எச்சில் துப்பிய தண்ணீர்க் கிண்ணத்தில் வெள்ளையாகச் சின்னச் சின்னதாக என்னவோ மிதந்தது.

"பாத்தியா," என்றார் அண்ணன். குரல் தழுதழுத்தது. "அம்புட்டும் பூச்சி."

அதைப் படம் எடுத்து உடனே குடும்பக் குழுவில் போட்டேன். அக்கா "கருமம், சோறு தின்னுக்கிட்டு இருக்கோம்டா" என்று பதில் போட்டாள். நான் கவலைப்படவில்லை. ஏனென்றால் அன்று சாயங்காலம் வலி அடியோடு நின்றுவிட்டது. அண்ணனுக்குச் சால்வை போடுவதாக இருந்தேன். காதுகுத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தேன். இயற்கையின் வெற்றியை அவரும் நேரில் பார்க்க வேண்டும் இல்லையா.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் கண்ணாடி பார்த்தபோது இடது கன்னம் கொஞ்சம் செழிப்பாகத் தெரிந்தது. சாயங்காலம் ஆனதும் அது செழிப்பு இல்லை, வீக்கம் என்று புரிந்தது. அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். நெட் சரியில்லை என்று சொல்லிக் கட் செய்துவிட்டு சாதாரண காலில் பேசினேன். புதுச்சட்டை தைத்து வந்துவிட்டதா என்று கேட்டாள். கவின் கூடத்தில் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று, நாளைக்கு மாமா மடியில் உட்காருவேன் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாதி பாசம், பாதி வீக்கம்.

அண்ணனிடம் ஓடினேன். அவர் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, நல்ல அறிகுறி என்றார். கெட்ட நீரெல்லாம் வெளியே வருகிறதாம், சூடு காட்டினால் விடிவதற்குள் வடிந்துவிடுமாம். உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தார். நான் சாயங்காலம் முழுக்க ஒத்தடம் கொடுத்தேன். சாதாரணமாக அல்ல, அக்காவின் கௌரவமே அந்த மூட்டையில் இருப்பதாக நினைத்து அழுத்தி அழுத்திக் கொடுத்தேன்.

காலையில் எழுந்தபோது என் இடது கண்ணுக்கு என் கன்னம் தெரிந்தது. ஹெல்மெட் தலையில் இறங்கவில்லை. பைக்கை வீட்டில் வைத்துவிட்டு அண்ணனோடு பஸ் ஏற வேண்டியதாயிற்று. வீக்கம் அமுங்குவதற்காக மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கன்னம் முழுக்கப் பற்றுப் போட்டார் அண்ணன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. பற்று உதிராமல் இருக்க ஒரு வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்து, தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். வழியில் வலிக்காமல் இருக்க மென்றுகொண்டே வரும்படி அக்கரகாரம் என்று ஒரு வேரைக் கொடுத்தார். (நாட்டு மருந்துக் கடையில் நான் அதை அக்ரகாரம் என்று கேட்டு, கடைக்காரர் எனக்குப் பெருமாள் கோயில் தெருவுக்கு வழி சொன்னது தனிக்கதை.) அந்த வேருக்கு ஒரு குணம் உண்டு. நாக்கு மரத்துப்போகும், எச்சில் நிற்காமல் ஊறும். வேப்பங்குச்சியைப் பார்க்கிற மாதிரி அதையும் சாதாரணமாகப் பார்த்து நான் ஒரு முழுத் துண்டை மென்றேன்.

குலதெய்வக் கோயில் இலுப்பூரிலிருந்து கொடும்பாளூர் போகிற பக்கம். இலுப்பூரில் பிடித்த ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் தெரிந்தது நான்தான். நுழைவாயிலில் அந்த ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். புலியோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கு நேர் கீழே மேளக்காரர்கள், ஆரத்தித் தட்டோடு இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மச்சான் வீட்டு ஜனம் மொத்தமும் தாய்மாமனை வரவேற்கத் தயாராக நின்றது. நான் புதுச்சட்டையைச் சரிசெய்துகொண்டு, அக்கா சொன்ன கம்பீரத்தோடு நடந்து போனேன்.

மேளம் நின்றது. தவில்காரர் குச்சியைத் தூக்கியவர் அப்படியே வைத்திருந்தார். ஆரத்தித் தட்டு இரண்டடி பின்னால் போனது.

அக்காவின் மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "ஏம்ப்பா, நல்ல காரியத்துக்கு நாடிக்கட்டோடயா வருவாக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் தாடையைச் சேர்த்து உச்சியில் வெள்ளைத் துணியால் முடிச்சுப் போடுவது ஒரே ஓர் ஆளுக்குத்தான். அந்த ஆள் நடந்து வருவதில்லை, நாலு பேர் தூக்கி வருவார்கள். நான் பதறி முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்த்தது அதைவிடத் தப்பாகப் போயிற்று. துணிக்குள்ளிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு கன்னம் வெளியே வந்தது. மச்சான் ஓடிவந்து எங்கே வண்டியை மோதினாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை, வெறும் மஞ்சள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அக்கரகாரம் ஊறவைத்த அத்தனை எச்சிலும் புதுச்சட்டையில் இறங்கியது.

அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டார். நல்ல நேரம் போகிறது என்று காது குத்த வந்த ஆசாரி சொன்னதும் என்னைக் கொண்டுபோய்ப் பலகையில் உட்கார வைத்தார்கள். கவினைத் தூக்கி வந்தார்கள். பட்டு வேட்டி கட்டியிருந்தான். என் பக்கத்தில் வரும்வரை சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"கயின்குத்தி," என்றேன், மரத்துப்போன நாக்கால். "மாமா மயியிய உக்காயு."

அவன் போட்ட சத்தத்தில் கோயில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று விட்டான். இது மாமா இல்லை, பூச்சாண்டி என்றான். இதுதான்டா உன் மாமா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் விரலை நீட்டினான்.

"அந்த மாமாதான் வேணும்."

புலிக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மிட்டாய் காட்டினார்கள், போனில் பாட்டுப் போட்டார்கள், பலிக்கவில்லை. என்னை நெருங்கும்போதெல்லாம் அவன் உடம்பு விறைத்தது. ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தார். முடி இறக்க வந்தவர் இரண்டாம் தடவையாகக் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றினார். கூட்டத்தில் ஒரு குரல் நிதானமாகச் சொன்னது, நேரம் போகுது, பேசாமல் பெரியப்பா மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்று. அப்படிச் செய்தால் என்ன என்று இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன. மச்சானின் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தேவிட்டார்.

அக்கா என் பக்கத்தில் குனிந்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒன்னத்தானடா நம்பி இருந்தேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்குப் பல் வலி மறந்துபோனது. ஒத்தத் தம்பி என்ன செய்து கிழிக்கப் போகிறான் என்று கேட்டவர்களுக்கு நானே பதிலாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பலகையை விட்டு எழுந்தால் ஆயுசுக்கும் அக்கா முகத்தில் விழிக்க முடியாது என்று தெரிந்தது. எழுந்திருக்கக் கூடாது. ஆனால் பிள்ளைக்கு வேண்டியது நான் இல்லை, என் முகம். அந்த முகமோ என்னிடம் இல்லை, வாசலில் இருக்கிறது.

கிழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். முடி இறக்குபவரிடமிருந்து ஒரு புது பிளேடை வாங்கி மச்சான் கையில் கொடுத்து, ஃப்ளெக்ஸைக் காட்டி, கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். அவருக்கு முதலில் புரியவில்லை. (என் கழுத்தை அறுக்கச் சொல்கிறேன் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார்.) புரிந்ததும் ஓடிப்போய் ஸ்டூல் போட்டு ஏறி, ஃப்ளெக்ஸில் என் தலையை மட்டும் வட்டமாக அறுத்துக் கொண்டுவந்தார். அரிசி புடைக்கிற சுளகு அகலத்துக்கு இருந்தது என் முகம். அதை ஒரு பக்கம் அக்காவும் இன்னொரு பக்கம் மச்சானுமாக எனக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்கள். கீழே என் மடி, மேலே ஃப்ளெக்ஸ் மாமாவின் சிரிப்பு.

கவின் அழுகையை நிறுத்தினான். கிட்டே வந்தான். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, பாதியை உடைத்து, ஃப்ளெக்ஸின் வாயில் வைத்துப் பார்த்தான். வழக்கம்போல அது மறுக்கவில்லை. திருப்தியாகி, திரும்பி, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

முதலில் சிரித்தது அக்காதான். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரித்தாள். அவள் கை ஆட, என் முகமும் மேலும் கீழும் ஆடியது. பிறகு மேளக்காரர்கள், அப்புறம் கூட்டம் மொத்தமும். அக்காவின் மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

"தாய்மாமன்னா இவந்தாம்ப்பா," என்றார் மூச்சு வாங்க. "மருமகனுக்கு மூஞ்சியவே கழட்டிக் குடுத்துட்டான்ல."

முடி இறங்கியது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். கவின் அலறிக்கொண்டு தன் மொட்டைத் தலையைப் பின்னால் ஓங்கி அடித்தான். அடி ஃப்ளெக்ஸ் மாமாவின்மேல் விழுந்தது. ஃப்ளெக்ஸ் மாமாவுக்குப் பின்னால் இருந்தது என் இடது கன்னம். நானும் அலறினேன். வாய்க்குள் என்னவோ உடைந்து சீழ் வெளியேறியது. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.) ஒரு வாரமாகத் தலைக்குள் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. இரண்டாம் காது குத்தும்போது நான் கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது யாருக்கும் தெரியவில்லை, முன்னால் ஏற்கெனவே ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வாய் கொப்பளிக்கப் போன இடத்துக்கு ரெங்கராஜ் அண்ணன் ஓடிவந்தார். முகமெல்லாம் வெற்றி. "ஒடம்பே டாக்டருன்னு சொன்னேன்ல. பாத்தியா, தானா ஒடைஞ்சிருச்சு." கவினின் தலையும் இயற்கைதான் என்பதால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

பிறகு கெடா விருந்து. எனக்கு ரசம் மட்டும் டம்ளரில் கொடுத்தார்கள். பக்கத்து இலையில் அண்ணன். நல்லி எலும்பு ஒன்றைக் கடித்து இழுத்தார். கறி வரவில்லை. அவருடைய மேல்வரிசைப் பல் முழுவதும் அப்படியே ஒரு செட்டாகக் கழன்று, குழம்புச் சோற்றுக்கு நடுவில் உட்கார்ந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரே வரிசையாக, ஒன்றுக்கொன்று சண்டையில்லாமல்.

நான் பல்லைப் பார்த்தேன். அண்ணனைப் பார்த்தேன். அவர் இலையில் இருந்ததை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து, நாக்கு கொஞ்சம் திரும்பியிருந்ததால் கேட்டேன்.

"அண்ணே, அப்ப அந்த இயற்கை வைத்தியம்?"

"எல்லாம் செஞ்சு பாத்தேன் தம்பி," என்றார் நிதானமாக. "அதுக்கப்பறந்தான் டாக்டரு மொத்தத்தையும் எடுத்தாரு."

அன்று சாயங்காலமே மச்சான் என்னைப் புதுக்கோட்டையில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் சின்ன வயதுப் பெண். நான் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்ல, முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் சிரிப்பது தெரிந்தது. கிராம்பும் உப்புத் தண்ணீரும் நல்லதுதான், இங்கே வந்து சேரும்வரை வலியைக் கொஞ்சம் தாங்க வைக்கும், உள்ளே இருக்கிற சீழை அவை எடுக்காது என்றார். பூச்சி இறங்கியதும் வலி நின்றதே என்று கேட்டேன். நின்றது வலி இல்லை, பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போயிருக்கிறது என்றார். சூடான ஒத்தடம் வீக்கத்தை வளர்த்துவிட்டதாம். தானாக உடைந்ததால் குணமாகிவிட்டது என்று வீட்டில் படுத்திருந்தால், அது கழுத்துக்கும் அதற்குக் கீழேயும் இறங்கி உயிருக்கே வினையாகியிருக்கும் என்றபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. போனில் இருந்த பூச்சிப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது சூட்டுல வெடிச்ச வெதையோட உள்பருப்புங்க" என்றார். ஒரு விதையின் குடலைத்தான் நான் குடும்பத்துக்கே காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்த நாற்காலி சாய்ந்தது, போர்வெல் சத்தமும் வந்தது. எது எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. ஊசி போட்டு மரத்ததும், ஒரு வாரத் தூக்கத்தை எல்லாம் சேர்த்து நான் குறட்டை விட்டிருக்கிறேன். வாயை மூடாமல் தூங்கிய முதல் ஒத்துழைப்பான நோயாளி என்று டாக்டர் பாராட்டினாராம்.

கவின் இப்போது மூன்றாம் வகுப்பு. அவன் காதுகுத்து ஆல்பத்தில் மாமா மடியில் உட்கார்ந்த படம் இருக்கிறது. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பிரம்மாண்டமான சிரிப்பும், அதற்குக் கீழே எச்சிலில் நனைந்த ஒரு புதுச்சட்டையும். அக்கா அந்த அறுத்த முகத்தைத் தூக்கிப்போட விடவில்லை. சட்டம் போட்டு, கூடத்தில் முன்பு அது சாய்ந்திருந்த அதே இடத்தில் மாட்டியிருக்கிறாள். யாராவது அவள் பிறந்த வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், அதைக் காட்டிக் கதை முழுவதையும் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லும்போது அவள் குரலில் இருக்கிற பெருமையை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். பல்லைத் தவிர வேறு எதையும் இழக்காமல் எனக்குக் கிடைத்த பெருமை அது.

மீதி ஃப்ளெக்ஸையும் வீணாக்கவில்லை. மச்சான் அதை ஆட்டுக்கொட்டகைக்குத் தடுப்பாகக் கட்டிவிட்டார். வெள்ளைச் சட்டை இருக்கிறது, புலி இருக்கிறது, "அன்புடன் வரவேற்கும் தாய்மாமன் பாலமுருகன்" இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் மட்டும் வட்டமாக ஓட்டை. போன பொங்கலுக்கு நான் போனபோது மச்சானின் சொந்தக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். கவின் அவர்களைக் கொட்டகைக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினான். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு அந்த ஓட்டை வழியாகத் தலையை வெளியே நீட்டி, கொய்யாத் தழையை நிதானமாக மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது.

"இவருதான் எங்க மாமா," என்றான் கவின். "இப்பப் பல்லு நல்லா இருக்கு."